சொத்தை காட்டவும்

வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டின் மேல்பாகத்தை வாடகைக்கு எடுத்து, ‘மொத்தக் காய்கறிக் கொள்முதல் தர விலை வழங்கல் ஒழுங்குமுறை மையம்’ என்று பலகை மாட்டினார்கள். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். பலகை வீட்டைவிட இரண்டடி நீளம். அதனால் ‘மையம்’ மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். உடனே அவரை மையத்தின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். காய்கறியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடுவதுதான். அந்தக் குழுவில் அதுவே ஜாஸ்தி.

எதிர்வாடையில் ஒரு வேப்பமரத்தின் கீழ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பக்கம் அரசு அலுவலகம் தேடி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். மனுவுக்குப் பத்து ரூபாய். ஒற்றெழுத்துக்குத் தனியாக வாங்குவதில்லை. அதைத் தப்பாமல் போடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ‘மனுவை கொடுத்தேன்’ என்று யாராவது ‘க்’ போடாமல் எழுதியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட ஆளை ஓர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார வைத்தது யார் குற்றம் என்று தெரியவில்லை. என் குற்றம் இல்லை.

மையம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் காய்கறி மொத்தமாக எப்படி விற்றது என்று தெரிய வேண்டுமானால் ஆதிலட்சுமியைப் பார்த்தால் போதும். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவளுடைய மெஸ். நாளைக்கு நூற்றிருபது சாப்பாடு. காலை ஆறு மணிக்கு மண்டிக்கு வருவாள். வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பாள். பட்டென்று ஒடிந்தால் எடுத்துக்கொள்வாள். வளைந்தால் மண்டிக்காரர் சின்னசாமியின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைப்பார். சுரைக்காயில் நகத்தை வைத்து அழுத்துவாள், முருங்கைக்காயை முறுக்குவாள். தரம், விலை, வழங்கல் மூன்றும் கால் மணி நேரத்தில் ஒழுங்காகி ஆட்டோவில் ஏறிவிடும்.

மையத்தின் ஒருங்கிணைப்பு அலுவலர் கோதண்டராமன் வந்த முதல் வாரமே இதை ஆய்வு செய்து, ‘அறிவியல் அடிப்படையற்ற நகப் பரிசோதனை’ என்று குறிப்பு எழுதினார். இதற்கு முன்பு அவர் ஏதோ ஓர் எழுதுபொருள் கிடங்கில் இருந்தவர். பேனா மையின் தரத்தில் அவருக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம் இருந்தது.

குறிப்பைத் தொடர்ந்து உத்தரவு வந்தது. ஆவணி ஒன்றாம் தேதி முதல், மையத்தின் கொள்முதல் அட்டை இல்லாதவர்கள் மண்டியில் ஓர் ஆள் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கக் கூடாது. மொத்த வியாபாரிகளுக்குப் புதிய காய், நல்ல காய், நியாயமான விலையில் தடையில்லாமல் கிடைப்பதற்காக இந்தத் தடை. மண்டி வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்தினார்கள்.

ஆதிலட்சுமிக்கு ஒரு நாளைக்கு அறுபது கிலோ வேண்டும். மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சரசு, புடவையை மாற்றி மாற்றி மூன்று தடவை மண்டிக்குள் போய் வந்தாள். நான்காம் தடவை காவலாளி மறித்தான்.

“இன்னாம்மா, காலைலேர்ந்து நீதானே வந்துட்டு போற?”

“அது எங்க அக்கா.”

“அதுக்கு முன்னாடி வந்தது?”

“அது எங்க அக்காவுக்கு அக்கா.”

“அதுக்கும் முன்னாடி?”

“அது நான்தாங்க. பொய் சொல்லக் கூடாது.”

அன்றோடு அந்த வழி அடைபட்டது. ஆதிலட்சுமி சில்லறைக் கடைகளில் வாங்க ஆரம்பித்தாள். பதினெட்டு ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அது கட்டாது. சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டைத் தேடும் நிலை வந்ததும், தினமும் வருகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இடத்தின் சொந்தக்காரி காசியம்மாள் ஒரு நாள் வந்து காலியான பெஞ்சுகளை எண்ணினாள்.

“ஒரு வெள்ளைக்காரன் காப்பிக் கடை போட இடம் கேக்குறான், ஆதி. உனக்காகத்தான் இல்லன்னு சொல்லிட்டிருக்கேன். தீபம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள மெஸ்ஸு பழையபடி நடக்கலைன்னா குடுத்துடுவேன். என்னைத் தப்பா நெனைக்காத.”

அந்த மெஸ்ஸைத் தவிர ஆதிலட்சுமிக்கு வேறொன்றும் இல்லை. பதினோரு வருஷம் அந்த அடுப்பு ஒரு நாள்கூட அணைந்ததில்லை. கார்த்திகை தீபத்துக்குள் அட்டை வாங்கியே ஆக வேண்டும்.

அட்டைக்கு விண்ணப்பப் படிவம் ஒன்பது பக்கம், முப்பத்தாறு கேள்வி. எட்டாவது வரை படித்தவள் என்பதால் என்னிடம் வராமல் அவளே நிரப்பினாள். பதின்மூன்றாம் கேள்வி: ‘கொள்முதல் செய்ய உத்தேசித்துள்ள நல்ல காய்களின் விவரம் தருக.’ தந்தாள். பதினான்காம் கேள்வி: ‘சொத்தை காட்டவும்.’

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனாள். அரைக் கிலோ சொத்தைக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தாள்.

கவுண்டரில் இருந்த உதவியாளர் எழிலரசி, பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

“என்னம்மா இது?”

“சொத்தைங்க. பதினாலாவதுல கேட்டிருந்தீங்களே.”

“நாங்க கேட்டது உங்க சொத்தை.”

“இது என்னுதுதாங்க. காசு குடுத்து வாங்கினேன்.”

“ஐயோ, உங்க வீடு, நிலம், நகை…”

“அதுல ஏதுங்க சொத்தை?”

எழிலரசி உள்ளே போய்க் கோதண்டராமனை அழைத்து வந்தாள். அவர் பையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், ஆதிலட்சுமியைப் பார்த்தார். அரசு அலுவலகத்துக்குள் அழுகல் கொண்டு வருவது எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று கேட்டார். எழிலரசிக்குத் தெரியவில்லை. எதிரே இருக்கும் மனு எழுத்துக்காரருக்குத் தெரிந்திருக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நான் படிவத்தை வாங்கிப் படித்தேன். அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்துவிட்டது, கத்தரிக்காயால் இல்லை.

“சார், இந்தம்மா செஞ்சதுதான் சரி. சொத்து, வீடு, நிலம்னு கேக்கறதா இருந்தா ‘சொத்தைக் காட்டவும்’னு ‘க்’ போட்டிருக்கணும். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்னாடி வல்லினம் மிகும். இதுல ‘க்’ இல்ல. ‘க்’ இல்லாம ‘சொத்தை காட்டவும்’னா புழு விழுந்ததைக் காட்டச் சொல்றதுதான்.”

கோதண்டராமன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது ‘க்’ இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“எத்தினி அடிச்சிருக்கோம்?” என்று எழிலரசியைக் கேட்டார்.

“இருபதாயிரம் சார்.”

“புரூப் பாத்தது யாரு?”

“நீங்கதான் சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிழை என்று ஒப்புக்கொண்டால் தலைமையிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் அச்சுக்கூலியை அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து நின்றார். அப்போது அவர் சொன்னதை நான் வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன்.

“அரசாங்கம் அச்சடிச்சதுல பிழை வராது. படிக்கிறவங்க கண்ணுலதான் வரும். நாம ‘க்’ போடலைன்னா, ‘க்’ வேணாம்னு முடிவு பண்ணி இருக்கோம்னு அர்த்தம். அந்த முடிவுக்குப் பின்னாடி ஒரு ஆழ்ந்த நோக்கம் இருக்கு. அது என்னன்னு நாளைக்குள்ள சொல்றேன்.”

மறுநாள் நோக்கம் தயாராக இருந்தது. நல்ல காயை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம். சொத்தையை அடையாளம் காணத் தெரிந்தவன்தான் தரம் அறிந்த வியாபாரி. ஆகவே அட்டை கேட்கும் ஒவ்வொருவரும் சொத்தை காட்டித்தான் ஆக வேண்டும். ஆதிலட்சுமிக்கு முதலில் சந்தோஷம், அரைக் கிலோ ஏற்கெனவே கொடுத்திருந்ததால்.

ஆனால் சொத்தைக்குத் தர நிர்ணயம் இல்லை. தர நிர்ணயம் இல்லாத ஒன்றை மையம் எப்படி வாங்கிக்கொள்ளும்? அதற்காகக் கோதண்டராமன் எழிலரசியை உட்கார வைத்துச் சுற்றறிக்கை சொன்னார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“சொத்தைக்கு முதல்ல ஒரு வரையறை வேணும். எழுதிக்கோ. பொதுமக்கள் பயனுக்காக வந்து, வெளியே பளபளப்பாக இருந்து, உள்ளே தின்றுகொண்டிருக்கும்…”

“காய் சார்?”

“காய்னு போட்டா கீரைக்காரன் தப்பிச்சிடுவான். கீரைன்னு போட்டா கிழங்குக்காரன் தப்பிச்சிடுவான். ‘எதுவும் சொத்தை எனப்படும்’னு போடு. யாரும் தப்பிக்கக் கூடாது.”

இரண்டாம் விதி: சொத்தை என்பதற்குச் சான்றாக, சரிபார்க்கும் நேரத்தில் அது உயிருடன் இருக்க வேண்டும். மூன்றாம் விதி: காட்டப்படும் சொத்தையின் எடையைப் போல் பத்து மடங்கு நல்ல காய் தினமும் வாங்க அட்டையில் அனுமதி தரப்படும். ஒரு பங்கு சொத்தை இருக்கும் இடத்தில் பத்துப் பங்கு நல்லது இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை யார் போட்டது என்று எழிலரசி கேட்கவில்லை. நாலாம் விதி: அட்டையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் இதே விதிகள்.

ஆதிலட்சுமி, முதல் நாள் மையத்தில் வாங்கி வைத்திருந்த தன் அரைக் கிலோவைக் காட்டினாள். எழிலரசி ஒரு காயைப் பிளந்து பார்த்தாள். முந்தின நாளிலிருந்து காத்திருந்த புழு செத்துப் போயிருந்தது.

“உயிரில்லம்மா. வேற கொண்டாங்க.”

“நேத்து இருந்துச்சுங்க. உங்க பீரோலதான் வெச்சிருந்தீங்க.”

“நேத்து விதி இல்லையே.”

இரண்டாம் முறை, அறுபது கிலோ அனுமதிக்காக ஆறு கிலோ சொத்தைக்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்தாள். வரிசையில் மூன்று மணி நேரம். முறை வந்தபோது காயில் ஓட்டை இருந்தது, புழு இறங்கிப் போயிருந்தது. எழிலரசி படிவத்தில் ‘இடம் காலியாக உள்ளது’ என்று எழுதினாள். காலியிடம் என்று எழுதிவிட்டால் அதை நிரப்ப மேலிட அனுமதி வேண்டும் என்று கோதண்டராமன் கோப்பைத் தலைமையிடத்துக்கு அனுப்பிவிட்டார். கோப்பு திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. புழுப் பணியிடங்கள் எதுவும் புதிதாக உருவாக்கப்படவில்லை என்று பதில் வந்திருந்தது.

மூன்றாம் முறை புழு இருந்தது, கோதண்டராமன் இல்லை. ‘புதிய காய்கறி: நேற்று, இன்று, நாளை’ என்ற கருத்தரங்கத்துக்கு மூன்று நாள் சென்னைக்குப் போயிருந்தார்.

இதற்குள் ஊரில் லாட்ஜ்காரர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், மளிகைக்காரர்கள் என்று முன்னூறு பேர் சொத்தை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அட்டையின் அளவு சொத்தையின் எடையைப் பொறுத்தது என்பதால், அரைக் கிலோவோடு யாரும் நிற்கவில்லை. மண்டியில் ஒரு நாள் நானும் ஆதிலட்சுமியோடு போயிருந்தேன். சின்னசாமி கூடைகளைப் பிரித்து வைத்திருந்தார்.

“வாங்கக்கா. நல்ல கத்தரி மூணு ரூபா. சொத்தை பதினெட்டு. புழு நல்லா நெளியறது இருபத்தி ரெண்டு.”

“நெளியாதது?”

“அது பத்து. உங்களுக்குன்னா எட்டு. ஆபீஸ்ல கொஞ்சம் தட்டி விட்டீங்கன்னா நெளியும்.”

“நல்ல கத்தரி ஏன் அண்ணா மூணு ரூபாக்கு வந்துடுச்சு?”

“வாங்க ஆள் ஏதுக்கா? அட்டை இல்லாதவன் ரெண்டு கிலோதான் எடுக்கலாம். ஊரே அட்டை இல்லாம இருக்குது. இங்க மூட்டை மூட்டையா கெடக்குது.”

மையத்தின் வாசலில் தினசரி விலைப் பலகை ஒன்று இருந்தது. ‘கத்தரி, சொத்தை, முதல் ரகம்’ என்று மேலேயும், ‘கத்தரி, குறைபாடற்றது’ என்று கடைசியிலும் சாக்பீஸில் எழுதினார்கள். சுற்று வட்டாரத்தில் மருந்து அடிப்பதை நிறுத்திய விவசாயிகள் புத்திசாலிகள். நிறுத்தாதவள் பொன்னி. அவள் கொண்டுவந்த நான்கு மூட்டையிலும் ஒரு சொத்தை கிடையாது. மூன்று ரூபாய்க்கும் ஆள் இல்லாமல், மண்டி வாசலில் மாடுகளுக்கு முன்னால் அதைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை உதறி மடித்தாள். ஊதா நிறத்தில் பளபளவென்று இருந்த காய்கள். “பூச்சி விழாம பாத்துக்கினேன் சார், அதான் தப்பு” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. ஓர் எழுத்தை விட்டுவிட்டவர்கள் நன்றாக இருந்தார்கள், ஓர் எழுத்தும் தெரியாதவள் மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் மையம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியது. கல்யாண மண்டபம், ஷாமியானா, மைக். சந்தன மாலையோடு கோதண்டராமன் பேசினார்.

“பெரியோர்களே, வணிகப் பெருமக்களே. இந்த மையம் வருவதற்கு முன்பு இந்த ஊரில் சொத்தைக்கு மதிப்பு இருந்ததா? தூக்கிக் குப்பையில் போட்டீர்கள். இன்றைக்கு அதற்கு ஒரு விலை, ஒரு தரம், ஒரு அந்தஸ்து ஏற்பட்டிருக்கிறது என்றால் அது யாரால்? நான் என்னைச் சொல்லவில்லை. ஆனால் என்னால்தான். சிலர் கேட்கிறார்கள், நல்ல காய் எங்கே என்று. நான் கேட்கிறேன், நல்ல காய்க்கு எதற்கு அலுவலகம்? அது தானாகவே நல்லதாக இருக்கிறது. நாங்கள் கை வைக்கத் தேவையே இல்லாத ஒன்றைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒளிந்திருக்கும் சொத்தையை வெளியே கொண்டு வருவதுதான் எங்கள் லட்சியம். அந்த வகையில் நாங்களே உங்களுக்கு முன்னுதாரணமாக இருப்போம்.”

கை தட்டினார்கள். கூட்டத்துக்கு வந்தால் வரிசையில் முன்னுரிமை என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரமே மெஸ்ஸில் அடுப்பு அணைந்தது. ஆதிலட்சுமி மூன்று நாள் பூட்டி வைத்திருந்தாள். நான்காம் நாள் ஒரு வெள்ளைக்காரன் டேப்பைப் பிடித்துக்கொண்டு மெஸ்ஸின் சுவரை அளந்துகொண்டிருந்தான். காசியம்மாள் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். ஆதிலட்சுமியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் டேப்பை விடவில்லை.

ஆதிலட்சுமி நேரே என் மேஜைக்கு வந்தாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது.

“தீபத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு அண்ணா. நாளைக்குச் சென்னையிலேர்ந்து பெரிய ஆபீசர் வராராம். நிலுவைல இருக்கற எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்து அனுப்பறாராம்.”

“சொத்தை வெச்சிருக்கியாம்மா?”

“கிலோ முப்பது ரூபா சொல்றாங்க. எங்க போறது?” என் மேஜைமேல் இருந்த சுற்றறிக்கைப் பிரதியைப் பார்த்துவிட்டு, “அந்த சுற்றறிக்கைய ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க” என்றாள்.

படித்தேன்.

“இதுல காய்னு எங்கயாவது போட்டிருக்கா?”

“இல்ல.”

“காய்கறின்னு?”

“அதுவும் இல்ல. ‘எதுவும்’னுதான் இருக்கு.”

“நல்லா பாருங்க அண்ணா.”

மறுபடியும் பார்த்தேன். இல்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு நீங்களும் கூட வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கமாக ஒரு பேச்சுக்காவது பத்து ரூபாயை நீட்டுவாள், அன்றைக்கு அதையும் மறந்துவிட்டாள்.

மறுநாள் வந்தவர் தலைமையிடத்துத் தணிக்கை அலுவலர் சக்கரவர்த்தி. மெலிந்த ஆள். கையில் ஒரு தாள், ஒரு பென்சில். தாளில் கேள்விகள் வரிசையாக இருந்தன. பதில் இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. ஏன், எதற்கு என்று கேட்கும் இடம் அந்தத் தாளில் இல்லை. மூன்றரை மணிக்கு வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

கோதண்டராமன் அன்றைக்குப் புதுச் சபாரி போட்டிருந்தார். தலையில் எண்ணெய், நெற்றியில் சந்தனம், கையில் மோதிரம் என்று எல்லா இடத்திலும் மின்னினார். மேஜையில் விருந்தாளிக்காகப் போண்டா வாங்கி வைத்திருந்தார். விருந்தாளி தொடவில்லை. அதனால் அவரே ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரிசை படிக்கட்டு இறங்கி ரோடு வரை நின்றது.

ஆதிலட்சுமியின் முறை மதியம் இரண்டு மணிக்கு வந்தது. வெறுங்கையோடு போய் நின்றாள். நான் பின்னால்.

சக்கரவர்த்தி தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், டிக். முகவரி, டிக். பதின்மூன்று, டிக்.

“பதினாலு. சொத்தை காட்டவும்.”

ஆதிலட்சுமி வலது கையை நீட்டிக் கோதண்டராமனைக் காட்டினாள்.

பென்சில் நின்றது. “இவரா?”

“ஆமாங்க சார்.”

கோதண்டராமன் எழுந்தார். “சார், இது அரசு ஊழியரை அவமதிக்கிற…”

“இருங்க. இந்த சுற்றறிக்கை யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“இதுல காய்கறின்னு இல்லையே?”

“அது வந்து, யாரும் தப்பிக்கக் கூடாதுன்னுதான் சார்…”

சக்கரவர்த்தி சுற்றறிக்கையைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “‘பொதுமக்கள் பயனுக்காக வந்து.’ வந்திருக்கீங்க.” டிக். “‘வெளியே பளபளப்பாக இருந்து.’” நிமிர்ந்து சபாரியையும் மோதிரத்தையும் பார்த்தார். டிக். “‘உள்ளே தின்றுகொண்டிருக்கும்.’”

கோதண்டராமன் வாயில் இருந்த போண்டாவை அவசரமாக விழுங்கினார். சக்கரவர்த்தி அது இறங்கும் வரை காத்திருந்து டிக் போட்டார்.

“அடுத்தது. சரிபார்க்கும் நேரத்தில் உயிருடன் உள்ளதா?”

எழிலரசி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “இருக்காரு சார்.”

“எடை?”

அறையின் மூலையில் சொத்தை நிறுப்பதற்காக வாங்கிய மூட்டைத் தராசு இருந்தது. கோதண்டராமன் ஏற மறுத்தார். சக்கரவர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதோ பாருங்க. நீங்க ஏறலைன்னா சுற்றறிக்கை செல்லாதுன்னு எழுதணும். செல்லாதுன்னா, ஏன் போட்டீங்கன்னு வரும். ஏன் போட்டீங்கன்னா, படிவம்னு வரும். படிவம்னா, இருபதாயிரம்…”

கோதண்டராமன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். எண்பத்து நாலு கிலோ.

“பத்து மடங்கு, எண்ணூத்தி நாப்பது” என்றார் சக்கரவர்த்தி. “தினசரி கொள்முதல் அனுமதி எண்ணூத்தி நாப்பது கிலோ. சரிபார்த்த அலுவலர் கையெழுத்து இங்க.”

சரிபார்த்த அலுவலர் தராசிலிருந்து இறங்காமலே கையெழுத்துப் போட்டார். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு பெரிய அட்டை கிடையாது. எழிலரசி முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினாள். வரிசையில் நின்றவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கோதண்டராமனைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

நாளை காலை பொன்னிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், எண்ணூற்று நாற்பது கிலோவும் ஒரே ஆளால் சமைக்க முடியாது, மீதியைப் பக்கத்து மெஸ்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றெல்லாம் ஆதிலட்சுமி என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வாசல் வரை வந்தாள். சட்டென்று நின்று, திரும்பிப் போனாள்.

“சார், ஒரு சந்தேகம். அடுத்த வருஷம் அட்டையப் புதுப்பிக்கணுமே. அப்பவும் இவரையே காட்டலாமா?”

சக்கரவர்த்தி நாலாம் விதியைப் பார்த்தார். பிறகு இரண்டாம் விதியைப் பார்த்தார்.

“உயிரோட இருந்தா காட்டலாம்மா.”

ஆதிலட்சுமி தராசின் மேல் நின்றிருந்த கோதண்டராமனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

“எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க சார்,” என்றாள். “உடம்பு முக்கியம்.”